ஏழு குளிர்காலம், நான்கு பேட்டரி: டிரெய்லர் பேட்டரியைக் கழற்றி வைத்த அனுபவம்

முதல் குளிர்காலம் முடிந்து டிரெய்லரின் முன்பக்கப் பெட்டியைத் திறந்தபோது, பேட்டரி நாலு பக்கமும் உப்பிக் கிடந்தது. ஒரு மூலையில் மயிரிழை அளவுக்கு விரிசல். அடித்தட்டில் வெள்ளையும் பச்சையுமாக ஏதோ பூத்திருந்தது. வாங்கி ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. கோபம் வந்தது, அதுவும் பேட்டரியின் மேல். சுவிட்சை அணைத்துவிட்டுத்தானே போனேன்?

எங்களுடையது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சின்ன டிரெய்லர். உள்ளே படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர் மோட்டார் எல்லாம் உண்டு. வருடத்தில் ஏழு மாதம் சுற்றும், ஐந்து மாதம் பனியில் மூடிக் கிடக்கும். நிறுத்தி வைக்கும் இடத்தில் மின் இணைப்பு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பக்கத்தில் ஒரு ப்ளக் இருந்தால் நான் செய்வதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

அந்தப் பேட்டரி ஏன் செத்தது என்று புரிய எனக்கு வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் தேவைப்பட்டது. புதுப் பேட்டரியை மாட்டி, விளக்கு, ஃப்ரிட்ஜ், ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்தி, இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சையும் அணைத்தேன். மைனஸ் வயரைக் கழற்றி இடையில் மீட்டரைக் கோத்துப் பார்த்தால் 60 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. கேஸ் கசிவைக் காட்டும் கருவியும் ரேடியோவின் நினைவகமும் சுவிட்சுக்கு முன்னாலேயே இணைக்கப்பட்டிருந்தன. என் டிரெய்லரில் அந்தச் சுவிட்ச் எல்லாவற்றையும் துண்டிப்பதில்லை. பல டிரெய்லர்களில் கதை இதுதான். டிரெய்லர் காரிலிருந்து பிய்த்துக்கொண்டால் தானாகப் பிரேக் போடும் பிரேக்அவே சுவிட்சும் வழக்கமாக நேராகப் பேட்டரிக்குத்தான் போகும். (இப்படி அளக்கும்போது மீட்டரின் வயரை 10 ஆம்பியர் துளையில் செருக வேண்டும். அந்த நேரத்தில் டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கி இறக்கும் மின் ஜாக்கியின் பட்டனைத் தொடக் கூடாது. நான் தொட்டேன். மீட்டரின் ஃபியூஸ் போனது.)

60 மில்லி ஆம்பியர் என்பது கொசுக்கடி. ஆனால் ஒரு நாளுக்கு 1.44 ஆம்பியர்-மணி. என் பேட்டரி 100 ஆம்பியர்-மணி. கிட்டத்தட்ட 70 நாளில் காலி. டிரெய்லர் நின்றது 150 நாள்.

காலியானபின்தான் குளிர் உள்ளே புகுந்தது. என்னுடையது ஈய-ஆசிட் பேட்டரி. அது காலியாகும்போது ஆசிட்டில் உள்ள சல்பேட் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. மிஞ்சுவது ஏறக்குறைய தண்ணீர். முழு சார்ஜில் இருக்கும் ஆசிட் உறைய மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். காலியான பேட்டரி மைனஸ் 7, மைனஸ் 10 டிகிரியிலேயே உறைய ஆரம்பித்துவிடும். உறைந்தால் விரியும், விரிந்தால் பெட்டி உப்பும், தகடு வளையும். அதை அப்படியே சார்ஜரில் போடுவது ஆபத்து, வெடிக்கக்கூடும். நான் போடவில்லை. புத்திசாலித்தனத்தால் அல்ல, விரிசல் கண்ணில் பட்டதால்.

இரண்டாம் குளிர்காலத்தில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். முதலில் மைனஸ், பிறகு ப்ளஸ் என்ற வரிசையை எல்லாரும் சொல்வார்கள், காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். டிரெய்லரின் இரும்புச் சட்டம் முழுவதும் மைனஸோடு சேர்ந்திருக்கிறது. ப்ளஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனரின் மறுமுனை சட்டத்தில் பட்டால் நேரடி ஷார்ட். ஸ்பேனரே உருகி ஒட்டிக்கொள்ளும். மைனஸ் முதலில் போய்விட்டால் ஸ்பேனர் சட்டத்தில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது தலைகீழ்: ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

கழற்றும் அவசரத்தில் ஸ்லைடை, அதாவது மோட்டாரில் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதியை, உள்ளே இழுக்க மறந்துவிட்டேன். மின்சாரம் இல்லாமல் அது அசையாது. மறுபடி பேட்டரியை மாட்டி, இழுத்து, மறுபடி கழற்றினேன். மின் ஜாக்கிக்கும் இதே கதிதான். டிரெய்லரை மட்டப்படுத்தி, காரின் கொக்கியிலிருந்து விடுவித்தபின்தான் பேட்டரியைத் தொட வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் பேட்டரி பிழைத்தது. வசந்தத்தில் நான்தான் சொதப்பினேன். கார் பேட்டரி பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கறுப்பு வயர் என்றால் மைனஸ். என் டிரெய்லரில் கறுப்புதான் ப்ளஸ், வெள்ளைதான் மைனஸ். பல டிரெய்லர்களில் இப்படித்தான் வயர் இழுத்திருக்கிறார்கள். ஐந்து மாதத்தில் எல்லாம் மறந்து, கறுப்பை மைனஸில் மாட்டினேன். ஒரு சின்னப் பொறி, அவ்வளவுதான். உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. நல்லவேளை, வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டரில் இதற்கென்றே இரண்டு ஃபியூஸ்கள் இருந்தன. அவை தங்களைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றின. அன்றிலிருந்து கழற்றும் முன் மொபைலில் நாலு போட்டோ எடுக்கிறேன். ப்ளஸ் வயர்கள் எல்லாவற்றிலும் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.

மூன்றாம் குளிர்காலத் தவறு வேறு வகை. இந்த முறை காலியாகவே விடக் கூடாது என்று, வீட்டில் கிடந்த ஒரு பழைய சார்ஜரில் ஐந்து மாதமும் மாட்டியே வைத்தேன். பேட்டரி நிறைந்ததும் தானாகத் தணிந்துகொள்ளும் அறிவு அதற்கு இல்லை. மெதுவாக, விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தது. தேவைக்கு மேல் ஏற்றினால் உள்ளே தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து போகும். மூடியைத் திறந்து பார்த்தபோது தகடுகளின் மேல்பாதி காய்ந்து தெரிந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், உயிர் திரும்பவில்லை. ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அந்த அறையின் மூலையில்தான் ஹீட்டர் இருந்தது. அதை நினைத்தால் பேட்டரி போன வருத்தம் பெரிதாகத் தெரியவில்லை.

ஆக இரண்டு பேட்டரி போயிற்று. ஒன்று பட்டினியில், இன்னொன்று அஜீரணத்தில்.

நாலாம் வருடம் 6 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கி, சேர்ந்து 12 வோல்ட் வரும்படி தொடராக இணைத்தேன். ஒவ்வொன்றும் 28 கிலோவுக்கு மேல். தூக்கும் பட்டை இல்லாமல் தூக்காதீர்கள். என் இடுப்பு சாட்சி. இந்த ஜோடி நாலு குளிர்காலத்தைத் தாண்டிவிட்டது. இப்போது நான் செய்வது இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கழுவல். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து மேற்பகுதியிலும் டெர்மினலிலும் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு ஆசிட் சாகும். செல் மூடிகள் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. மேலே படிந்த ஈர அழுக்கு வழியாகவே கொஞ்சம் மின்சாரம் கசியும் என்பதால் இந்தக் கழுவல் வெறும் அழகுக்காக அல்ல. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்கிறேன். பழைய பேன்ட்டும்தான். ஆசிட் பட்ட துணி அன்றைக்கு நன்றாக இருக்கும், துவைத்து எடுத்தால் சல்லடை.

அப்புறம் முழுச் சார்ஜ். அது முடிந்த பிறகுதான் டிஸ்டில்டு வாட்டர். சார்ஜ் ஏறும்போது உள்ளே மட்டம் உயரும். முன்பே ஊற்றி நிரப்பினால் ஆசிட் வழிந்து வெளியே வரும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்னால் ஊற்றலாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்கும்.

வோல்டேஜ் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். சார்ஜரைக் கழற்றிய உடனே பார்த்தால் 13-க்கு மேல் காட்டி ஏமாற்றும். ஒரு ராத்திரி ஓய்வு கொடுத்து மறுநாள் பார்க்கிறேன். இரண்டும் சேர்ந்து 12.6, 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான். பார்க்கச் சின்ன வித்தியாசம். அதனாலேயே முதல் இரண்டு வருடம் "12 இருக்கிறதே, போதாதா" என்று நினைத்திருக்கிறேன். போதாது. பாதி காலியாக மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் ஒட்டிய சல்பேட் கெட்டிப்பட்டுப் படிகமாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது கரைந்து திரும்பாது.

இந்த ஜோடி குளிர்ந்த நிலவறையில், காற்றோட்டமான மூலையில் இருக்கிறது. சார்ஜரில் நிரந்தரமாக மாட்டுவதில்லை. மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்க்கிறேன், 12.5-க்கு அருகில் வந்தால் ஒரு ராத்திரி ஏற்றுகிறேன். ஒரு குளிர்காலத்துக்கு இரண்டு முறை போதுமாக இருக்கிறது. தானாகத் தணியும் நல்ல சார்ஜர் இப்போது இருக்கிறது. நிறைந்ததும் 13.2 முதல் 13.6 வோல்ட்டுக்குள் தாங்கிப் பிடிக்கும். அதை மாட்டியே வைத்தாலும் தப்பில்லை. மூன்றாம் வருடத்து அனுபவம் என்னை விடவில்லை, அவ்வளவுதான். மீட்டர் வைக்கும் அந்த இரண்டு நிமிடம் ஒரு சாக்காகவும் ஆகிவிட்டது: மூடியைத் திறப்பேன், தண்ணீர் பார்ப்பேன், அடுத்த பயணம் எங்கே என்று யோசிப்பேன்.

குளிரில் வைப்பதா, வீட்டுக்குள் வைப்பதா என்ற கேள்விக்கு நான் மனசு மாறிவிட்டேன். ஈய-ஆசிட் பேட்டரி தானாகக் காலியாகும் வேகம் குளிரில் குறையும், வெப்பத்தில் கூடும். நிறைந்த பேட்டரியை, இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, டிரெய்லரிலேயே விட்டிருந்தாலும் உறைந்திருக்காது. நான் கொண்டுவருவது அதை அடிக்கடி பார்க்க முடியும் என்பதற்கும், திருடு போகாது என்பதற்கும்தான். இடுப்பு வலி உள்ளவர்கள் முழுச் சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றி, அங்கேயே விட்டு, நடுவில் ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும் என்பது என் கருத்து.

சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மரப்பெட்டியிலும் ரப்பர் பெட்டியிலும் பேட்டரி வந்த காலத்துப் பேச்சு அது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. நான் கீழே பலகை போட்டிருப்பது தரையில் ஆசிட் கறை பட்டு வீட்டில் திட்டு வாங்காமல் இருக்கத்தான்.

கூரையில் சோலார் பேனல் இருந்தால் ஒரு வார்த்தை. முதலில் பேனலைத் துண்டித்துவிட்டுப் பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி இல்லாமல் வெயில் மட்டும் வந்தால், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர்களில் சில கெட்டுப்போகும். பேனல் இருக்கிறதே, குளிர்காலம் முழுக்க அது ஏற்றிக்கொள்ளும் என்று நம்புவதும் வேண்டாம். பனி மூடிய பேனல் வெறும் கண்ணாடிதான்.

என் மச்சானின் டிரெய்லரில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. கடந்த இரண்டு குளிர்காலமாக அதுவும் எங்கள் நிலவறையில்தான் தூங்குகிறது. "நானும் உங்களை மாதிரியே ஃபுல்லாக ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன்" என்று முதல் வருடம் பெருமையாகச் சொன்னார். அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும் என்று நாங்கள் கையேட்டைப் படித்த பிறகுதான் தெரிந்தது. லித்தியத்தைப் பாதிக்கு அருகில் வைத்துத்தான் நீண்ட நாள் தூங்க விட வேண்டும். எடை பாதிகூட இல்லை, மாதத்துக்கு இரண்டு மூன்று சதவீதம்தான் இறங்குகிறது, தண்ணீர் ஊற்றும் வேலை கிடையாது. ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். குளிரில் சார்ஜைத் தடுக்கும் பாதுகாப்பு எல்லாப் பேட்டரியிலும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஆசைதான். இந்த ஜோடி இருக்கும்வரை வாங்க மனசு வரவில்லை.

வசந்தத்தில் மாட்டும்போது டெர்மினலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கி, போட்டோவைப் பார்த்து வயரை மாட்டி, இறுக்கியபின் மேலே கொஞ்சம் வாசலின் தடவுகிறேன். 6 வோல்ட் இரண்டையும் சேர்க்கும் குட்டை வயரை ஒரு வருடம் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். இப்போது அதைப் பேட்டரியோடு சேர்த்துக் கட்டி வைக்கிறேன். கிளம்பும் முன் பிரேக்அவே சுவிட்சின் ஊசியை இழுத்து, சக்கரம் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, உடனே திரும்பச் செருகிவிடுகிறேன். பேட்டரி இல்லாத டிரெய்லருக்கு அந்த அவசரப் பிரேக் கிடையாது. ஆகவே பேட்டரி கழற்றியிருக்கும்போது பக்கத்துத் தெருவுக்குக்கூட இழுத்துப் போவதில்லை.

போன வாரம் மாட்டும் முன், ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். ஜோடியின் ஆறு செல்களில் ஐந்து, முழுச் சார்ஜைக் காட்டும் 1.265-ஐ ஒட்டி நின்றன. ஒன்று மட்டும் 1.230. இரண்டு முறை சார்ஜ் ஏற்றியும் மேலே வரவில்லை. இந்தக் கோடைக்குத் தாங்கும் என்று நினைக்கிறேன். மச்சான் இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.