காற்றடைத்த கயாக்கா, கெட்டிப் பிளாஸ்டிக்கா? இரண்டையும் ஓட்டிப் பார்த்தபின்

போன மாதம் என் மச்சான் ஃபோன் செய்தான். "பிள்ளைகளோட ஜின்க்வாசிக்குப் போக ஒரு கயாக் வாங்கணும். காத்தடிக்கிறதா, கெட்டியானதா?" கயாக் என்றால் துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகு. நான் இரண்டு வகையையும் வைத்திருந்தவன். முதல் இரண்டு கோடை காற்றடைக்கும் கயாக். இப்போது பழைய பிளாஸ்டிக் ஒன்று, மூன்றாவது வருடம் ஓடுகிறது. அவனிடம் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். என் கட்சி எது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் நிழலான ஒரு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்தால் கெட்டிப் பிளாஸ்டிக்தான்.

முதலில், எந்தத் தண்ணீர் என்பது. தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனிலிருந்து வடக்கே என்2 சாலையில் கரும்புக் காடுகளைத் தாண்டிப் போனால் ஜின்க்வாசிக் கழிமுகம். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல் மேடிட்டுப் பல நாள் அடைத்தே கிடக்கும். பொழி, அதாவது ஆற்றின் வாய், மூடியிருக்கும் அந்த நாட்களில் அலையும் கிடையாது, இழுப்பும் கிடையாது. துடுப்பே பிடித்திராதவர்கள் பழக அதைவிட நல்ல இடம் வேண்டாம். டர்பனிலேயே இருக்கும் புளூ லகூன் அப்படியல்ல. உம்கேனி ஆறு அங்கே கடலோடு சேர்வதால் ஏற்றமும் வற்றமும் உண்டு. ஏற்றத்தோடு மேல்நோக்கிப் போய், அது உச்சிக்கு வந்து தண்ணீர் நிற்கிற நேரத்தில் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். வற்றம் வேகம் பிடித்துவிட்டால் முகத்துவாரத்தின் பக்கமே தலைவைக்கக் கூடாது. இன்னும் வடக்கே இருக்கும் செயின்ட் லூசியா கழிமுகம் கணக்கிலேயே இல்லை. அங்கே நீர்யானையும் முதலையும் உண்டு. வழிகாட்டி இல்லாமல் இறங்குகிற இடமல்ல அது.

சரி, சட்டென்று சொல்லிவிடக்கூடியவை. இரண்டிலுமே மேலே உட்கார்ந்து ஓட்டும் வகையைத்தான் சொல்கிறேன். கவிழ்ந்தாலும் பிடித்து மறுபடி ஏறிக்கொள்ளலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து புளூ லகூன் வரை 1951 முதல் நடக்கும் டூசி படகு மராத்தானில் வருகிற ஒல்லிப் படகுகளைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவற்றில் நேராக உட்காரவே பல வாரம் பிடிக்கும். லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும், எப்போதும். காற்றடைக்கும் கயாக் விலை குறைவு, கார் டிக்கியில் அடங்கும். பிளாஸ்டிக்குக் கூரைமேல் ரேக் வேண்டும், இல்லையென்றால் பக்கி (பின்னால் திறந்த சின்ன லாரி) வைத்திருக்கும் நண்பர் வேண்டும். ஒருவர் போகிற கயாக்கே பெரும்பாலும் 20 கிலோவை ஒட்டி இருக்கும். இருவர் போவதென்றால் 30ஐ ஒட்டியோ அதற்கு மேலோ. முதுகுவலி உள்ளவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கடற்கரையில் வசந்தத்திலும் கோடையிலும் முற்பகலுக்கு மேல் வடகிழக்குக் காற்று கிளம்பிவிடும். காற்றடைத்த கயாக் தண்ணீருக்குள் ஆழமாக இறங்காமல் மேலேயே மிதப்பதால், காற்று அதைச் சுலபமாகத் தள்ளிவிடும்; ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் மூக்கு மறுபக்கம் ஓடும். அடியில் மாட்டுகிற, மீன்துடுப்பு மாதிரியான சின்னப் பலகை இதைக் குறைக்கும். ஆனால் ஜின்க்வாசியின் மணல் திட்டுகளில் அதுதான் முதலில் தட்டும். ஒரு நாள் பதினொரு மணிக்கு என் மகளை முன்னால் உட்காரவைத்துத் திரும்பும்போது, இருநூறு மீட்டருக்கு அரை மணி நேரம் போராடினேன். அதே தூரம், அதே காற்று, பிளாஸ்டிக்கில் கை வலிக்கும், ஆனால் போய்ச் சேர்வோம்.

இவ்வளவும் இருந்தும், நான் மாறியதற்குக் காரணம் காற்றும் அல்ல, விலையும் அல்ல. கரையேறிய பிறகு நடக்கிற வேலை.

காற்றடைக்கும் கயாக்கில், குறிப்பாக ஆரம்பக்காரர்கள் வாங்கும் விலையில் கிடைக்கும் பலவற்றில், வெளியே ஒரு துணி உறை, உள்ளே காற்றுப் பைகள். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் புகும், மணலும் புகும். வெறுமனே மேலே தண்ணீர் அடித்தால் போதாது. ஜிப்பைத் திறந்து, பையை வெளியே எடுத்து, உறையை உள்வெளியாகத் திருப்பி, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, பிறகுதான் மடிக்க வேண்டும். டர்பனின் ஜனவரி ஈரத்தில் ஓவர்போர்ட் பகுதி ஃபிளாட்டின் பால்கனியில் அது ஒரு நாளில் காயாது. அப்போது நாங்கள் அங்கேதான் இருந்தோம். ஞாயிறு மாலை களைத்து வந்து, "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று பையோடு ஓரத்தில் வைத்தேன். திங்கள் வேலை, செவ்வாய் வேலை. சனிக்கிழமை பையைத் திறந்தபோது அடித்த நாற்றம் இன்னும் நினைவிருக்கிறது. தையல் ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. மடிப்புக்குள் விரல்நகம் அளவு நண்டு ஒன்று செத்துக் காய்ந்து கிடந்தது. வினிகர் போட்டுத் தேய்த்ததில் நாற்றம் போனது. புள்ளிகள் போகவில்லை. அடுத்த கோடையில் அதே தையல் ஓரத்தில் துணி விட்டுப்போனது.

உம்கேனி என்றால் இது இன்னும் முக்கியம். அந்தத் தண்ணீரில் உப்பு மட்டும் இல்லை. டூசி ஓட்டுகிறவர்கள் ஆற்று நீர் வாய்க்குள் போய் வயிறு கெடுவதற்கு 'டூசி கட்ஸ்' (டூசி வயிறு) என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நகரின் கழிவுநீர்க் கட்டமைப்பு சேதமாகி, அசுத்தம் ஆற்றிலும் கடற்கரையிலும் கலந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட தண்ணீர் மடிப்புக்குள் தேங்கி, அடுத்த வாரம் பிள்ளைகள் அதே துணியில் உட்கார்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நல்ல மழை பெய்தால் சில நாள் உம்கேனிப் பக்கம் போவதே இல்லை. இது அழுக்குக்காக மட்டும் அல்ல. 1917 அக்டோபரில் இதே ஆறு பெருகி ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தில் தோட்டம் வைத்திருந்த நம் இந்திய மக்களை அடித்துக்கொண்டு போனது. மாரிமுத்து படவாட்டன் தலைமையில் ஆறு மீனவர்கள் தங்கள் படகிலேயே போய் 170க்கும் அதிகமானவர்களைக் காப்பாற்றினார்கள். வெயில் நாளில் குளம் மாதிரி கிடப்பதும் அதே ஆறுதான்.

பிளாஸ்டிக் கயாக்குக்கு எவ்வளவு வேலை தெரியுமா? சுவரில் சாய்த்து, மேலிருந்து கீழ்வரை தண்ணீர் அடிக்கிறேன். வடிகால் துளைகளில் ஒட்டிய சேற்றை விரலால் எடுக்கிறேன். பின்பக்க அடைப்பானைத் திருகி உள்ளே புகுந்த தண்ணீரை வடிக்கிறேன். பத்து நிமிடம். அப்புறம் சாப்பாட்டுக் கடையில் வாங்கி வந்த பன்னி சௌவை (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பியது) பிரிக்கலாம். பார்த்துக்கொள்ள வேண்டியது வெயிலை மட்டும்தான். வருடக்கணக்கில் நேர் வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் வெளுத்து உடையத் தொடங்கும். ரேக்கில் வாரை ரொம்ப இறுக்கி வெயிலில் விட்டால் அடிப்பக்கம் குழியும். நிழலில், பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் போதும். சிப்பி ஒட்டிய பாறையில் உரசினால் கீறல் விழும், அவ்வளவுதான். அதே சிப்பி என் காற்றுப் பையை ஒருமுறை கிழித்தது.

ஒன்று மட்டும் பிளாஸ்டிக்குக்கு எதிராகச் சொல்ல வேண்டும். வெடிப்பு விட்டால் சாதாரணப் பசை அதில் ஒட்டாது, பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெல்டிங்தான் செய்ய வேண்டும். காற்றுப் பைக்கு ஒட்டுப் போடுவது இதைவிடச் சுலபம்.

விலை கூடிய காற்றடைக்கும் கயாக்குகளில் மேல், கீழ் இரண்டு பரப்பையும் ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். பலகை மாதிரி விறைப்பாக நிற்கும், துணி உறையும் இல்லாததால் காய்வதும் சீக்கிரம். நண்பர் ஒருவருடையதில் ஒரே ஒரு காலை ஓட்டியிருக்கிறேன். நன்றாகவே போனது, ஆனால் ஒரு காலையை வைத்து மூன்று வருடத்துக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மச்சான் மூன்றாம் மாடியில் இருப்பதால் அவனுக்கு நான் சொன்னது அந்த வகைதான். தரையோடு வீடு இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

பழையதாக வாங்கினால் பிளாஸ்டிக்கில் பணம் அதிகம் கரையாது. நான் டர்பனின் மெரேபேங்க் பகுதியில் மீன்பிடிக்கிற ஒரு மாமாவிடம் 4,500 ராண்டுக்கு வாங்கினேன்; இப்போதும் ஏறக்குறைய அந்த விலைக்கே கேட்கிறார்கள். பூஞ்சைப் புள்ளியோடு இருந்த பழையதை யாரும் கேட்கவே இல்லை. பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசிய அந்த மாமாதான் பார்த்து வாங்குகிற முறையையும் சொல்லிக் கொடுத்தார். "தம்பி, மேல பளபளப்பைப் பாக்காதே. கவுத்துப் போடு." கவிழ்த்து, வடிகால் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவச் சொன்னார். அப்புறம் நிமிர்த்தி, அடைப்பானைத் திறந்து இரண்டு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றி, இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டு, டீ குடித்து முடிக்கும் வரை அடியில் ஈரம் கசிகிறதா என்று பார்த்தோம்.