பலாக்கட்டையில் குடைந்த பேஸ் கிட்டார்: ஆறு வருட அனுபவம்

2019 பொங்கலுக்கு மறுநாள்தான் இதற்கு முதன்முதலாக ஸ்ட்ரிங் மாட்டி ட்யூன் செய்தேன். ஆறு வருடம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழு, முகூர்த்த மாதங்களில் கல்யாணக் கச்சேரி என்று வெளியே நிறையப் போய்வந்திருக்கிறது. வீட்டில் வாரத்துக்கு மூன்று நாளாவது கையில் எடுக்கிறேன். செய்து முடித்த கையோடு எழுதியிருந்தால் மரத்தின் அழகைப் பற்றியும் பாலிஷ் பளபளப்பைப் பற்றியும் எழுதியிருப்பேன். சென்னையின் கோடையையும் மழையையும் ஆறு முறை பார்த்த பிறகு சொல்ல வேண்டியவை வேறாக இருக்கின்றன.

அதற்கு முன் பல வருடம் நான் வாசித்தது உடம்பு முழுக்கக் கெட்டி மரமான நாலரைக் கிலோ சாலிட் பாடி பேஸ். மூன்று மணி நேரக் கச்சேரி முடிந்தால் இடது தோள் இரண்டு நாளைக்கு வலிக்கும். உள்ளே முழுக்கக் கூடாக இருக்கும் பேஸ் எடை குறைவு, ஆனால் மேடை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் ஊளையிடும். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் செமி ஹாலோ. உடம்பின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கட்டை ஓடும், இரண்டு பக்கமும் கூடு. கிப்ஸன் நிறுவனம் 1958இல் கொண்டுவந்த இபி-2 பேஸ் இந்த வகைதான். அதன் ஸ்கேல் நீளம், அதாவது ஸ்ட்ரிங் அதிரும் நீளம், 30.5 அங்குலம். ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸுக்கு வைத்த 34 அங்குலம்தான் இன்றுவரை பொது அளவாக இருக்கிறது, ஆனால் என் கை சிறியது. அதனால் 30.5ஐ எடுத்துக்கொண்டேன்.

மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒரு ஷெட்தான் பட்டறை. மரம் குடையும் மின்கருவியான ராவுட்டர் ஒன்று, ஒரு ஜிக்ஸா, இழைப்புளி, உளிகள், கடன் வாங்கிய பதினாறு கிளாம்ப். பக்கப் பலகையைச் சூடான குழாயில் வளைத்து ஒட்டலாம் என்று ஆரம்பித்து நான்கு பலகையை உடைத்தேன். எங்கள் தெரு ஆசாரி அண்ணன் ஒருநாள் ஏறி வந்து பார்த்துவிட்டு, "இது வீணைக்குக் குடம் குடையிற வேலைதானே தம்பி, எதுக்கு வளைச்சு வளைச்சு உடைக்கிற?" என்றார். அவர் மாமா தஞ்சாவூர்ப் பக்கம் வீணை வேலை செய்தவர். ஒரே பலாக்கட்டையில் குடமும் தண்டியுமாகக் குடைந்தெடுக்கும் ஏகாண்ட வீணையைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அந்த ஒரு வார்த்தையில் என் வேலை மாறிவிட்டது. 45 மி.மீ. கனமுள்ள பலாப் பலகை வாங்கினேன். நடுவில் 90 மி.மீ. அகலத்துக்குக் கட்டையை விட்டு, ஓரச்சுவருக்கு 8 மி.மீ., முதுகுக்கு 5 மி.மீ. விட்டு, மற்றதையெல்லாம் ராவுட்டரில் குடைந்தேன்.

மேல்பலகை சில்வர் ஓக். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிறதே, அந்த மரம். சரியான வாக்கில் அறுத்தால் மீன் செதில் மாதிரி மினுக்கும். ஒன்று, அதன் தூள் சிலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது. எனக்கு முழங்கைவரை தடித்துவிட்டது, முழுக்கைச் சட்டை போடுங்கள். நெக் தேக்கு, மூன்று பட்டையாக ஒட்டியது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. நெக்கின் மேல் விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டு ஈட்டி மரம். அதில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட், அவற்றின் இடைவெளிக் கணக்கு எளிது. 774.7 மி.மீ. ஸ்கேலை 17.817ஆல் வகுத்தால் 43.5 வரும், நட்டிலிருந்து, அதாவது தலைப்பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சின்னப் பட்டையிலிருந்து, முதல் ஃபிரெட் அங்கே. மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. ஆனால் குறிக்கும்போது ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததை அளந்தால் சின்னப் பிசகெல்லாம் சேர்ந்து பன்னிரண்டாவதில் ஸ்வரம் விலகிவிடும்.

இனி, இத்தனை வருடத்தில் நடந்தவை.

2020 மே, கத்திரி வெயில். கடல்காற்று வராமல் மேலைக்காற்று மட்டும் வீசிய நாட்கள். ஒரு மதியம் கேஸைத் திறந்தால் மேல்பலகையின் நடு இணைப்பில், டெயில் பக்கமிருந்து, அதாவது உடம்பின் அடிமுனையிலிருந்து, ஒரு விரல் நீளத்துக்கு முடி மாதிரி ஒரு கோடு. நகத்தை வைத்தால் தட்டுகிறது. வயிறு கலங்கிவிட்டது. காரணம் அன்று இரவுதான் புரிந்தது. மேல்பலகையை நான் ஒட்டியது 2018 நவம்பர், அடைமழை. மரம் ஈரத்தைக் குடித்து அகலத்தில் விரிந்திருந்த நேரம். நன்றாக உலர்ந்தது என்று சொல்லித்தான் மரக்கடையில் கொடுத்தார்கள், நானும் நம்பி அளந்து பார்க்காமல் ஒட்டிவிட்டேன். ஓரம் முழுக்க ஒட்டப்பட்ட பலகை கோடையில் சுருங்கப் பார்த்தால் எங்கே போகும்? பலவீனமான இடத்தில் பிளக்கத்தான் செய்யும்.

பிளவு நடுக்கட்டையின் மேலேயே இருந்தவரை பயமில்லை, பசையை ஊசியால் செலுத்தி இறுக்கினேன். ஆனால் மேல்பலகையில் f எழுத்து வடிவில் வெட்டிய எஃப் துளையின் நுனியிலிருந்தும் ஒரு கோடு கிளம்பியிருந்தது. அதற்கு அடியில் கூடு. நகம் அளவுள்ள மெல்லிய மரத்துண்டு மூன்று செய்தேன், நார் குறுக்கே வருகிற மாதிரி. ஒவ்வொன்றின் நடுவிலும் பழைய கிட்டார் ஸ்ட்ரிங்கைக் கோத்து, பிளவிலேயே போட்ட ஊசித்துளை வழியாக வெளியே எடுத்து, பசை தடவிய துண்டை எஃப் துளைக்குள் விட்டு மேலே இழுத்தேன். உள்ளே அது பலகையோடு போய் உட்காருவது விரலுக்குத் தெரியும். ஸ்ட்ரிங்கை ஒரு மரக்குச்சியில் முறுக்கி இருபத்து நான்கு மணி நேரம் அப்படியே விட்டேன். ஐந்து வருடமாகிறது, அசையவில்லை. அப்புறம் மரத்தின் ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். அதை முதலில் வாங்கியிருக்க வேண்டும்.

அடுத்த குறை, தலைப்பக்கம் சாய்வது. உடம்பு குடைந்து லேசாகிவிட்டதால், கையை எடுத்தால் நெக் கீழே போகிறது. மொத்தம் 3.1 கிலோதான் என்றாலும் இடது கை நெக்கைத் தாங்கிக்கொண்டே வாசித்தால் எடை குறைந்த பயன் பாதி போய்விடும். ஸ்ட்ராப் பட்டனை நெக் சேரும் இடத்தில் வைத்தது என் தவறு. மேல் கொம்பின் நுனிக்கு மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும், ஆனால் அந்தக் கொம்பையும் குடைந்துவிட்டேன். ஸ்க்ரூ பிடிக்க அங்கே மரமில்லை. தலையில் ஸ்ட்ரிங்கை முறுக்கும் ட்யூனர்களை லேசானவையாக மாற்றினேன், வழுக்காத அகலத் தோல்பட்டை போட்டேன். இப்போது சமாளிக்கலாம், முழுதாகச் சரியாகவில்லை. ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்தாவது ஃபிரெட்டில் ஸ்வரம் சட்டென்று செத்துப்போகிறது. நெக்கின் சொந்த அதிர்வு அந்த ஸ்வரத்தின் சக்தியைத் தின்றுவிடுவதால் வருவது இது, பல பேஸ்களில் உண்டு. தலையில் ஒரு சின்ன கிளாம்ப் மாட்டினால் அந்த இடம் நகர்ந்துவிடும். ஆனால் தலை இன்னும் கனமாகும். கச்சேரிக்கு கிளாம்ப் இல்லை, ரெக்கார்டிங்குக்கு உண்டு என்று வைத்துக்கொண்டேன்.

கோடையில் ஈட்டி மரம் லேசாகச் சுருங்கி, ஃபிரெட் முனைகள் வெளியே நீட்டி உள்ளங்கையைக் கீறும். முதல் இரண்டு வருடம் மெல்லிய அரத்தால் தேய்த்தேன், பிறகு அது நின்றுவிட்டது. நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் கம்பியான டிரஸ் ராடை வருடத்துக்கு இரண்டு முறை கால் சுற்று திருப்புகிறேன், மழை தொடங்கியதும் ஒரு பக்கம், பங்குனி வாக்கில் மறுபக்கம். நெக் சேரும் இடம் மட்டும் இன்றுவரை மயிரிழை அசையவில்லை. நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து அறுபது கிலோவுக்கு மேல் இழுக்கும் இடம் அது. பதினெட்டு நாள் உளியால் சீவிச் சீவிப் பொருத்தினேன், அத்தனை நாளுக்கும் பலன் இருக்கிறது.

பாலிஷ், அரக்கில் போட்ட பிரெஞ்சு பாலிஷ். வியர்வைக்குத் தாங்காது. வலது முழங்கை படும் இடம் மங்கிவிட்டது, மழை நாளில் வெள்ளை பூக்கும். ஆனால் புது அரக்கு பழையதோடு கரைந்து சேர்ந்துகொள்ளும், ஒரு சாயங்காலத்தில் சரிசெய்யலாம். நெக்கின் பின்புறத்தை மட்டும் சுரண்டிவிட்டு எண்ணெய்க்கு மாறிவிட்டேன், கை ஒட்டாமல் ஓடுகிறது. பலாவின் நிறம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. செய்தபோது மஞ்சளாக இருந்தது, இப்போது தேன் கடந்து பழுப்பாகிவிட்டது. கேபிள் செருகும் இடத்துத் தகட்டைக் கழற்றினால் அடியில் ஒரு சதுரம் இன்னும் பலாச்சுளை மஞ்சளாகவே இருக்கிறது.

சத்தம் எப்படி? தட்டியதும் 'தும்' என்று உருண்டையாக எழுந்து சீக்கிரம் அடங்கும். தபேலாவோடும் மிருதங்கத்தோடும் வாசிக்க இதைவிடப் பொருத்தமான பேஸ் நான் வாசித்ததில்லை. ஸ்வரத்தை நீளமாக இழுத்து நிறுத்தும் பாட்டுகளுக்கு இது சரிப்படாது, அதற்கு சாலிட் பாடி எடுத்துப்போங்கள். மேலே தட்டைக் கம்பி சுற்றிய ஃபிளாட்வௌண்ட் ஸ்ட்ரிங் போட்டிருக்கிறேன், நான்கு வருடமாக அதே செட். ஆம்ப் இல்லாமல் இரவு பதினோரு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து வாசித்தால் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குக் கூடு பேசும். கல்யாண மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கரை ஒட்டி நிற்க வைத்தால் தாழ்ந்த ஏ ஸ்வரத்தில் ஊளை கிளம்புகிறது. எஃப் துளைகளின் அளவுக்கு வெட்டிய ஸ்பாஞ்சை அடைத்தால் நிற்கிறது, கேஸில் எப்போதும் வைத்திருக்கிறேன்.

மரம், ஹார்ட்வேர், பிக்கப் எல்லாமாக 31,000 ரூபாய் ஆனது. கருவிகள் தனி. இரண்டாவதற்குப் பண்ருட்டியிலிருந்து ஒரு பலாப் பலகை வந்து மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருக்கிறேன், நடுவே குச்சி வைத்து, காற்றோட்டமாக. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எடை போட்டுப் பலகையிலேயே பென்சிலால் எழுதுகிறேன். போன மாதம் 40 கிராம் குறைந்தது, இந்த மாதம் 15. குறைவது நின்று, மீட்டரும் அதையே காட்டினால், மழைக்கு முன் மேல்பலகையை ஒட்டிவிடுவேன். மேல் கொம்பை இந்த முறை குடையப்போவதில்லை.