தராசு தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு திருநெல்வேலிக்குப் போனது இதுதான் முதல் முறை. மூன்று வாரம், ஒன்பது டயாலிசிஸ். ஊரிலேயே ஒரு தனியார் மையத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். எட்டு நாள் ஒரு குறையும் இல்லை. முதல் நாள்தான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

என் டிரை வெயிட், அதாவது உடம்பில் தேங்கிய கூடுதல் நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, 62 கிலோ. அன்று காலை, நான் வசிக்கும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து பெட்டியில் எடுத்துப்போன தராசில் 63.5 காட்டியது. மையத்துத் தராசில் ஏறினால் 65.2. டெக்னீஷியன் தம்பி 3.2 லிட்டர் நீர் எடுக்கலாம் என்று மெஷினில் போட்டார். "ஒன்றரைக்கு மேல ஏறியிருக்காது தம்பி" என்றேன். "நாங்க பார்த்துக்கிடுதோம் சார், நீங்க படுங்க." மெஷினின் திரை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

மூன்றாவது மணி நேரத்தில் இடது கெண்டைக்கால் கல்லாக இறுகியது. வாய்விட்டுக் கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில் அண்ணாச்சியின் மனைவி, யாரையும் கேட்காமல் ஓடிவந்து என் பாதத்தைப் பிடித்து, விரல்களை முழங்காலை நோக்கி அழுத்தித் தள்ளினார். பிரஷர் 80-க்கு வந்துவிட்டது. சலைன் ஏற்றினார்கள். வலி குறைந்ததும் அந்த அம்மா சொன்னார்: "இந்தத் தராசு ஒண்ணரை கிலோவுக்கு மேல கூடத்தான் காட்டும் தம்பி. எங்க எல்லாருக்கும் தெரியுமே."

அவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. அவர்களுடைய டிரை வெயிட்டும் அதே தராசில் பார்த்து எழுதியதுதான். வெளியூரிலிருந்து வருகிறவன்தான் மாட்டிக்கொள்வான். கட்டிலில் படுத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று எந்த நோட்டிலும் ஏறவில்லை. யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை.

ஷெஃபீல்டில் நானே எடை பார்ப்பேன், நானே பிரஷர் பார்த்து எழுதுவேன். ஃபிஸ்டுலாவில், அதாவது டயாலிசிஸுக்காகவே கையில் இணைத்து வைத்த ரத்தக்குழாயில், ஊசியைக்கூடத் தாங்களே போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. எவ்வளவு நீர் எடுப்பது என்பதை நர்ஸும் நானும் பேசித்தான் முடிவு செய்வோம். அதற்குப் பழகியவனுக்கு "நீங்க படுங்க" என்ற சொல் காலைவிட அதிகமாக வலித்தது. ஆனால் ஷெஃபீல்டில் என் கால் இழுத்தால் மணியை அழுத்திவிட்டு நர்ஸுக்காகக் காத்திருக்க வேண்டும். பாதத்தைப் பிடிக்க ஓடிவர ஒரு அக்கா கிடையாது.

அன்று சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தேன். எழுந்திருக்கவே முடியவில்லை. டயாலிசிஸ் சிகிச்சையில் எதை முக்கியமாக அளக்க வேண்டும் என்று பல நாடுகளில் நோயாளிகளையும் மருத்துவர்களையும் சேர்த்துக் கேட்டபோது, தேர்ந்தெடுத்த நான்கைந்து விஷயங்களில் களைப்பும் ஒன்று. பெரியம்மா எனக்காகச் சொதி வைத்துக் காத்திருந்த அன்று அதன் அர்த்தம் புரிந்தது.

அண்ணாச்சி கோவில்பட்டிப் பக்கம் விவசாயம் செய்கிறவர். முதல் ஷிஃப்டுக்காக விடியுமுன் பஸ் ஏறுகிறார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டாம். ஆனால் இரண்டு பேர் பஸ் செலவும், அந்த அம்மாவின் ஒரு நாள் கூலியும் போகிறது. அதனால் வாரம் இரண்டு முறைதான் வருகிறார். ஷெஃபீல்டில் என்னை வாரம் மூன்று முறையும் மருத்துவமனை வண்டியே வந்து கூட்டிப்போகும். அவரைப் பார்த்தபோது இதை நினைத்து மனசு கனத்தது.

இரண்டாவது முறை போகும்போது மாமாவின் மளிகைக் கடையிலிருந்து முத்திரை வைத்த 20 கிலோ எடைக்கல்லைத் தூக்கிப்போனேன். தராசில் வைத்தோம். 21.7. டெக்னீஷியன் தம்பி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரு தாளில் 'புதிதாக வருபவர்களுக்கு 1.7 கழிக்கவும்' என்று எழுதித் தராசின்மேல் ஒட்டினார். என்னைப் படுக்கச் சொல்லவில்லை. "எவ்வளவு போடட்டும் சார்?" என்று கேட்டுவிட்டு, மெஷினை என் பக்கம் திருப்பினார்.

அண்ணாச்சி தலையைத் தூக்கி, "எனக்கும் கொஞ்சம் திருப்பி வைங்க தம்பி" என்றார்.