கியூ-சிஸ் டிசைனர்: எமுலேட்டில் தெரியாத இரண்டு விஷயங்கள்

கூட்ட அறைக்கு வேண்டிய ஒலி, காட்சி, கட்டுப்பாடு மூன்றையும் ஒரே கோப்பில் வடிவமைக்க கியூ-சிஸ் டிசைனர் அருமையான மென்பொருள். இலவசம். விண்டோஸில் மட்டுமே ஓடும். கோர் எனப்படும் பிராசசர் கைக்கு வரும் முன்பே முழு டிசைனையும் வரைந்து, எஃப்6 அழுத்தி, கோர் இல்லாமல் கணினியிலேயே பாவனையாக இயக்கும் எமுலேட் முறையில் ஓட்டிப் பார்த்துவிடலாம். பட்டன்கள் இயங்கும், லுவா ஸ்கிரிப்ட் ஓடும், டச் பேனல் திரையை வாடிக்கையாளருக்குக் காட்டி அன்றே திருத்தம் வாங்கலாம். ஆனால் எமுலேட்டில் ஒலி வராது, நெட்வொர்க்கும் சோதனைக்கு உட்படாது. வேலை நடக்கும் இடத்தில் சிக்கல் கிளம்புவது பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான்.

ஆறு மைக், கூரை ஸ்பீக்கர்கள், வீடியோ அழைப்புக்கு யூ.எஸ்.பி. வழியாக ஒரு லேப்டாப் என்று ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். இடப்பக்க இன்வென்டரியில் (கருவிப் பட்டியலில்) உண்மையாக வாங்கப்போகும் கோர் மாடலையே சேர்க்க வேண்டும். கோர் 110எஃப் என்றால் 8 இன்புட், 8 அவுட்புட், இன்புட்டாகவோ அவுட்புட்டாகவோ பயன்படுத்தக்கூடிய 8 ஃப்ளெக்ஸ் சானல், மைக்கில் திரும்பப் புகும் ஸ்பீக்கர் ஒலியை நீக்கும் 16 எக்கோ கேன்சலர் கிடைக்கும். பிறகு வலப்பக்கத்திலிருந்து பிளாக்குகளை இழுத்துப் போட்டு வயர் இணைப்பதுதான் வேலை. வயர்கள் சிக்கலாகும்போது, வயருக்குப் பதில் பெயரால் இரு முனைகளை இணைக்கும் சிக்னல் டேக் போட்டுவிட்டால் படம் தெளிவாக இருக்கும். வரைந்து முடித்ததும் செக் டிசைன் ஓட்டிப் பாருங்கள். அந்தக் கோர் இந்தச் சுமையைத் தாங்குமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

எக்கோ கேன்சலரில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: எதிர்முனையில் இருப்பவர் தன் குரலையே திரும்பக் கேட்டால், கோளாறு நம் அறையில் இருக்கிறது. ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனி கேன்சலர் சானல் வேண்டும், அதுவும், பேசுபவரின் மைக்கை மட்டும் தானாகத் திறக்கும் ஆட்டோமிக்ஸருக்கு முன்னால். சானலை மிச்சம் பிடிக்கலாம் என்று மிக்ஸருக்குப் பின்னால் ஒன்றே ஒன்றைப் போட்டால், மைக்குகள் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது அறையைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். அந்தச் சில நொடிகளில் எக்கோ நழுவிப் போய்விடும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரையும் கேன்சலருக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும்.

எந்த ஒலியை நீக்க வேண்டும் என்று கேன்சலருக்குக் காட்டும் ரெஃபரன்ஸ் பின்னுக்குப் போக வேண்டியது எதிர்முனைக் குரலும் லேப்டாப்பின் நிகழ்ச்சி ஒலியும் மட்டுமே. ஸ்பீக்கருக்குப் போகும் மொத்த மிக்ஸை அப்படியே ரெஃபரன்ஸாகக் கொடுத்து, அதில் உள்ளூர் மைக்கும் கலந்திருந்தால், பேசுபவரின் குரலையே எக்கோ என்று எண்ணி கேன்சலர் வெட்டத் தொடங்கும். குரல் துண்டு துண்டாகப் போகிறது என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ரெஃபரன்ஸை வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் எடுப்பது நல்லது. ஸ்பீக்கரில் ஒலி கூடிக் குறைவது கேன்சலருக்கும் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு ஆம்பிளிஃபயர் குமிழை யாரும் திருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாக்கிலேயே ஈ.ஆர்.எல். (ஸ்பீக்கர் ஒலி மைக்கை அடையும்போது எவ்வளவு குறைகிறது), ஈ.ஆர்.எல்.ஈ. (கேன்சலர் அதை மேலும் எவ்வளவு குறைக்கிறது) மீட்டர்கள் இருப்பது இந்த மென்பொருளின் பெரிய பலம். அழைப்பு ஓடும்போது அவற்றைப் பார்த்தால் காதை நம்பி ஊகிக்க வேண்டியதில்லை.

எந்த இன்புட் எந்த அவுட்புட்டுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் மேட்ரிக்ஸ் மிக்ஸரில், யூ.எஸ்.பி. இன்புட்டிலிருந்து யூ.எஸ்.பி. அவுட்புட்டுக்குப் போகும் குறுக்குப் புள்ளி மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அது திறந்திருந்தால் எந்த கேன்சலராலும் காப்பாற்ற முடியாது.

அடுத்தது நெட்வொர்க். கியூ-சிஸ்ஸின் ஒலி நெட்வொர்க்கான கியூ-லேன், கருவிகளின் நேரத்தை ஒத்திசைக்கும் கடிகாரப் பாக்கெட்டுகளுக்கு இயல்பாக டி.எஸ்.சி.பி. (ஸ்விட்சுக்கு முன்னுரிமையைச் சொல்லும் எண்) 46, ஒலிக்கு 34 என்று முத்திரை குத்துகிறது. டான்டே என்ற மற்றொரு ஒலி நெட்வொர்க்கில் கடிகாரத்துக்கு 56, ஒலிக்கு 46. இரண்டும் ஒரே ஸ்விட்சில் ஓடினால் கியூ-லேனின் கடிகாரமும் டான்டேயின் ஒலியும் ஒரே வரிசையில் நெருக்கியடிக்கும். ஆள் குறைவான நேரத்தில் ஒன்றும் தெரியாது. அலுவலகம் நிறைந்ததும் டிக் டிக் என்று ஒலி அறுபடும். டிசைன் பண்புகளில் டான்டேக்கு ஒத்த முன்னமைவைத் தேர்ந்தெடுத்து, ஸ்விட்சையும் அதற்கேற்ப அமைத்தால் தீர்ந்தது. மின்சிக்கன ஈதர்நெட் வசதியை எல்லா போர்ட்டிலும் அணைத்துவிட வேண்டும். அது கடிகாரத்தைக் குலைக்கும். வழி நெடுக ஜிகாபிட் இணைப்பு இருக்க வேண்டும். நடுவில் பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒன்று மாட்டியிருந்தாலும் ஆகாது.

கருவி 'காணவில்லை' என்று சிவப்பில் காட்டினால் உடனே கேபிளைச் சந்தேகிக்காதீர்கள். இன்வென்டரியில் கொடுத்த பெயரும் கருவிக்குள் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கருவிகளை அமைக்கும் கான்ஃபிகரேட்டரைத் திறந்து, ஐடி பட்டனால் கருவியின் விளக்கைச் சிமிட்ட வைத்து அடையாளம் கண்டு, பெயரை மாற்றினால் போதும்.

பதிப்பு விஷயத்தில் இந்த மென்பொருள் கறார். டிசைனர் பதிப்பும் கோரின் ஃபர்ம்வேரும் (அதற்குள் ஓடும் மென்பொருளும்) ஒன்றாக இருக்க வேண்டும். புதிய பதிப்பில் திறந்து சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. ஒரே கணினியில் பல பதிப்புகளை வைத்துக்கொள்ளலாம் என்பதால், பராமரிப்பில் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் உரிய பதிப்பை அழிக்காமல் வைத்திருங்கள். மாற்றம் செய்யப் போகும்போது லேப்டாப்பில் இருக்கும் நகலைத் திறக்க வேண்டாம். 'லோட் ஃப்ரம் கோர்' மூலம் ஓடிக்கொண்டிருக்கும் கோப்பையே எடுங்கள். இல்லாவிட்டால் மற்றவர் அங்கேயே உட்கார்ந்து சரிசெய்த அளவுகள் எல்லாம் போய்விடும். எஃப்5 அழுத்திக் கோரில் ஏற்றும்போது ஒலி நின்றுதான் திரும்பும், ஆகவே கூட்டம் நடக்கும் நேரத்தில் அதைத் தொடாதீர்கள்.

விலைப்புள்ளி கொடுக்கும்போது கோரின் கூடுதல் வசதிகளுக்கான உரிமங்களைத் தனி வரியில் காட்டுங்கள். புதிய கோர்களில் 8×8 டான்டே (8 உள்ளே, 8 வெளியே) சேர்ந்தே வருகிறது. அதற்கு மேல் போனால் காசு.

ரேக் வரைபடமும் கேபிள் எண் பட்டியலும் இதில் போட முடியாது. அதற்கு ஆட்டோகேடோ விசியோவோ வேண்டும். ஸ்பீக்கர் எந்த இருக்கைவரை எட்டும் என்ற கணக்கும் இதில் இல்லை, அதற்கு ஈஸ் போன்ற ஒலியியல் மென்பொருள் தேவை. ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர் போதும் என்கிற சிறிய அறைக்கு கியூ-சிஸ் கோரை வாங்கச் சொல்ல மாட்டோம். நாலைந்து அறைகள், அவற்றைச் சேர்த்தும் பிரித்தும் பயன்படுத்தும் தேவை, அடிக்கடி வீடியோ அழைப்பு என்று இருந்தால் தயங்காமல் எடுக்கலாம்.