‘காத்திருக்கிறது’ என்று மட்டும் சொல்லும் கைக்கடிகாரம்

பாட்டு சொல்லிக்கொடுப்பது என் தொழில். மாணவர்கள் பாடும்போது பக்கத்தில் மெட்ரோனோம் என்ற லயக் கருவி டிக்டிக் என்று அடித்துக்கொண்டிருந்தால், அவர்கள் சுருதி விலகும் இடம் என் காதுக்குத் தப்பிவிடும். சத்தமே இல்லாமல் மணிக்கட்டில் தட்டித் தட்டிக் காலப்பிரமாணம் காட்டும் செயலி வேண்டும் என்பதற்காகவே கூகுளின் கடிகார இயங்குதளமான வேர் ஓஎஸ்ஸில் ஓடும் இந்த ஸ்மார்ட்வாட்ச்சை வாங்கினேன். அந்த வேலையை இது அருமையாகச் செய்கிறது. நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்தாலும் ஒவ்வொரு அதிர்வும் தனித்தனியாக, நறுக்கென்று தெரிகிறது. ஒன்றோடொன்று குழைந்து வெறும் நடுக்கமாகிவிடுவதில்லை. திரை, பேட்டரி, வார் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன.

நான் விரிவாகச் சொல்ல வேண்டியது செயலியை உள்ளே ஏற்றுவதைப் பற்றி. இவ்வளவு நல்ல கருவியை வாங்கியவர் முதல் நாளே மனம் வெறுத்துத் திருப்பிக் கொடுத்துவிட இது ஒன்றே போதும்.

போனில் ‘நிறுவு’ என்று அழுத்தினால் செயலி போனில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடிகாரத்தில் அதன் சுவடே இருப்பதில்லை. வேர் ஓஎஸ் ‘ஆண்ட்ராய்டு வேர்’ என்ற பழைய பெயரில் இருந்த காலத்தில் போன் செயலிக்குள்ளேயே கடிகாரச் செயலியும் பொதிந்து வந்து, தானாகப் போய்ச் சேரும். 2017இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து கடிகாரத்துக்கென்று தனி பிளே ஸ்டோர் வந்துவிட்டது. எனவே போனின் பிளே ஸ்டோரில் செயலியின் பக்கத்தைத் திறந்து, சாதனங்களின் பட்டியலில் கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்து நிறுவ வேண்டும். இல்லையென்றால் கடிகாரத்திலேயே தேட வேண்டும். பட்டியலில் கடிகாரம் தென்படாவிட்டால் கணக்கைப் பாருங்கள். என் போனில் வீட்டுக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று என இரண்டு கூகுள் கணக்குகள். காசு கொடுத்து வாங்கிய மெட்ரோனோம் செயலி வகுப்புக் கணக்கில் இருந்தது. கடிகாரம் அறிந்திருந்ததோ வீட்டுக் கணக்கை மட்டும். வகுப்புக் கணக்கைக் கடிகாரத்திலும் சேர்த்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

அடுத்தது அந்தக் ‘காத்திருக்கிறது’. வட்டம் சுற்றும், நிற்கும், கீழே இந்த ஒற்றைச் சொல். எதற்காகக் காத்திருக்கிறது என்று திரையும் சொல்வதில்லை, பெட்டியில் வந்த கையேடும் சொல்வதில்லை. காரணம் என்னவோ நியாயமானதுதான். போன் அருகில் இருக்கும்வரை கடிகாரம் பேட்டரியை மிச்சப்படுத்த வைஃபையை ஒதுக்கிவிட்டு, புளூடூத் வழியாகப் போனின் இணையத்தைப் பயன்படுத்துகிறது. சாதாரண புளூடூத்தின் உச்ச வேகமோ ஏட்டளவிலேயே நொடிக்கு 3 மெகாபிட். நடைமுறையில் இன்னும் குறைவு. ஊசிக் காதில் கயிறு கோக்கிற கதைதான். போதாததற்கு, புதுக் கடிகாரத்தில் ஏற்கெனவே இருக்கும் செயலிகள் எல்லாம் தங்கள் அப்டேட்டுக்காக முன்னால் வரிசை கட்டி நிற்கின்றன. நாம் கேட்ட செயலிக்குக் கடைசி இடம்.

கடிகாரத்தைச் சார்ஜரில் வையுங்கள். அதை வைஃபையில் இணைத்துவிட்டு, போனின் புளூடூத்தைச் சற்று நேரம் அணைத்து வையுங்கள். வேறு பாதை இல்லாததால் கடிகாரம் வைஃபைக்கு மாறும். என் கடிகாரத்தில் அசையாமல் கிடந்த வட்டம் உடனே விளிம்பிலிருந்து நிறம் ஏறத் தொடங்கியது. வைஃபையே பிடிக்கவில்லை என்றால் ரூட்டரைக் கவனியுங்கள்: பல கடிகாரங்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் உள்நுழைவுப் பக்கம் காட்டும் வைஃபையை நம்பவே வேண்டாம். அந்தப் பக்கத்தைத் திறக்கக் கடிகாரத்தில் பெரும்பாலும் உலாவி இருக்காது.

அதற்கும் அசையாவிட்டால், கடிகாரத்தின் அமைப்புகளில் பிளே ஸ்டோரைக் கட்டாயமாக நிறுத்தி, அதன் கேச்சை (தற்காலிகச் சேமிப்பை) அழித்து, கடிகாரத்தை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சேமிப்பிடம் மீதம் இருக்கிறதா, தேதியும் நேரமும் சரியா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைப்புச் சான்றிதழ்களைக் கடிகாரம் ஏற்காது, பதிவிறக்கம் தொடங்கவே தொடங்காது.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது வாடிக்கையாளர் சேவை. தொலைபேசியை எடுத்தவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல், ‘ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள்’ என்றார். கணக்கு எது, வைஃபை இருக்கிறதா, சார்ஜரில் இருக்கிறதா என்று விசாரித்திருந்தால் அழைப்பு முடிவதற்குள் வேலை முடிந்திருக்கும். கடிகாரத்தில் உள்ள அத்தனையையும் துடைத்தெறியும் வழியை முதல் மருந்தாகக் கொடுப்பது சரியே அல்ல. 2023இல் வந்த வேர் ஓஎஸ் 4 முதல் பேக்கப் வசதி உண்டு; அதற்கு முந்தைய பதிப்பு ஓடும் கடிகாரம் என்றால் எல்லாவற்றையும் கையால் திரும்ப அமைக்க வேண்டியதுதான். மற்ற எல்லா வழிகளையும் பார்த்த பிறகே ரீசெட்.

கருவிக்காக இதைத் தாராளமாக வாங்கலாம். கையேட்டையும் சேவையையும் நம்பி வாங்க வேண்டாம். என்னைப் போல ஒரு குறிப்பிட்ட செயலிக்காகவே ஸ்மார்ட்வாட்ச் வாங்குபவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியில் வேர் ஓஎஸ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தோற்றத்தில் இதைப் போலவே இருக்கும் மலிவான பல கடிகாரங்களில் வெளிச் செயலி எதையும் நிறுவ வழியே இல்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள்: அண்மையில் வந்த வேர் ஓஎஸ் கடிகாரங்களில் பல ஆண்ட்ராய்டு போனுடன் மட்டுமே இணையும்.