வீட்டுல மர கனூ செய்யறீங்களா: பிளைவுட்டா, சீடார் ஸ்ட்ரிப்பா?

போன குளிர்காலம் முழுக்க எங்க கராஜ்ல கார் நிக்கல, 16 அடி கனூ (துடுப்பு போட்டு ஓட்டற ஒடுக்கமான படகு) ஒண்ணு கவிழ்ந்து கிடந்துச்சு. கனடால ஒன்டாரியோல இருக்கோம், பொண்ணுக்கு 11, பையனுக்கு 8. எந்த முறையில செய்யலாம்னு நானும் வீட்டுக்காரியும் மூணு மாசம் பேசியிருப்போம், இப்ப ஆபீஸ்ல ரெண்டு பேர் அதையே கேக்கறாங்க, அதான் எழுதறேன்.

பிளைவுட் முறைன்னா பேனலா வெட்டி, ஓரத்துல ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால தைச்சு, உள்பக்கம் எபாக்ஸில (ரெண்டு திரவத்தைக் கலந்தா கல்லு மாதிரி இறுகற பசை) மரத்தூள் குழைச்சு மூலையெல்லாம் பூசறது. அந்தக் காலத்து மெட்ராஸ் கரையில மசூலா படகை தேங்காய் நார்க் கயிறு வச்சு தைச்ச மாதிரி தான், இங்க பசை காஞ்சதும் கம்பிய உருவிடலாம். சீடார் ஸ்ட்ரிப்ல கால் இன்ச் கனம், முக்கால் இன்ச் அகலத்துல நீள ரீப்பர், அடிக்கு ஒரு மோல்ட் (படகோட குறுக்கு வடிவத்துல வெட்டின பலகை) நிறுத்தி அது மேல ஒண்ணொண்ணா ஒட்டிக்கிட்டே போய், கடைசில உள்ளயும் வெளியயும் ஃபைபர்கிளாஸ் துணிய எபாக்ஸி வச்சு ஒட்டறது. விலாச் சட்டத்தை ஆவில வேகவச்சு வளைச்சு கேன்வாஸ் இழுக்கற பழைய முறையும் இருக்கு, அதை பீட்டர்பரோ கனூ மியூசியத்துல பாத்ததோட சரி. அதுக்கு முதல்ல முழுசா ஒரு அச்சு செய்யணும், ஒரே ஒரு கனூவுக்கு அது கட்டுப்படியாகாது.

செலவு, நேரம் ரெண்டுலயும் பிளைவுட் தான் ஜெயிக்குது. பக்கத்து வீட்டுக்காரர் பிளைவுட்ல 90 மணி நேரத்துல முடிச்சார், ஸ்ட்ரிப்ல எங்களுக்கு 240 ஆச்சு. அழகுல ஸ்ட்ரிப் தான், ஏன்னா பிளைவுட் ஒரே நேரத்துல ரெண்டு திசையில வளையாது.

ஆனா நாங்க ஸ்ட்ரிப் எடுத்ததுக்கு காரணம் அழகு இல்ல, எபாக்ஸி. பக்கத்து வீட்டுல நான் ரெண்டு வீக்கெண்ட் கூட நின்னு வேலை பாத்தேன், தைக்கிற அன்னிக்கு அவர் பசங்க கும்மாளமா இருந்தாங்க, ஒரே நாள்ல தைச்சு முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் எல்லாமே எபாக்ஸி, உப்புத்தாள், மறுபடி எபாக்ஸி. காயாத எபாக்ஸி தோல்ல பட்டுக்கிட்டே இருந்தா அலர்ஜி புடிச்சிரும், ஒருதடவை வந்தா பொதுவா போகாது, தேய்க்கிற தூசியும் மூச்சுக்கு ஆகாது, அதனால பசங்க கதவு வெளிய நின்னு எட்டிப் பாத்துட்டு, மூணாவது வாரம் அந்தப் பக்கமே வரல. குடும்பமா செய்யணும்னு ஆரம்பிச்சது அப்பாவோட வேலையா ஆயிருச்சு. எனக்கு அது மனசுல ரொம்ப நாள் இருந்துச்சு.

ஸ்ட்ரிப்ல முதல் நாலு மாசம் எபாக்ஸியே கிடையாது. சாதா மரப்பசை தான், கையில பட்டா தண்ணில போயிரும். ராத்திரி சாப்பாடு முடிஞ்சு ஹீட்டர் போட்டுட்டு ஒரு பக்கத்துக்கு ரெண்டு ஸ்ட்ரிப், பையன் பசை விடுவான், அவங்கம்மா நுனிய புடிச்சுக்குவா, பொண்ணு ஸ்டேப்ளர். நடுவுல ஒரே ஒரு கறுப்பு வால்நட் ஸ்ட்ரிப் வரணும்னு அவ தான் சொன்னா, எந்த வரிசைல வரணும்னு ஒரு வாரம் பென்சில் வச்சு பாத்துட்டு சொன்னா. எபாக்ஸியும் துணியும் ஜூன்ல வெயில் வந்தப்புறம் தான், கராஜ் குளிர்ல அது சரியா இறுகாது. அந்த ரெண்டு வாரம் மட்டும் நான் தனியா மாஸ்க், கையுறையோட செஞ்சேன். சீடார் தூசியும் லேசுப்பட்டது இல்ல, ஆஸ்துமா வரவைக்கும், அதனால இழைப்புளி போடறப்ப பசங்க இருக்கலாம், மெஷின்ல உப்புத்தாள் போடறப்ப கூடாது.

பராமரிப்பு ரெண்டுக்கும் ஒண்ணு தான்: வெயில் எபாக்ஸிய கெடுக்கும், மேல யூவி தாங்கற வார்னிஷ் இருக்கணும், கீறல் விழுந்தா மறுபடி பூசணும். எங்களோடது தண்ணில இறங்கி ஒரு சீசன் தான் ஆச்சு, அதனால பத்து வருஷத்துக்கு எது தாங்கும்னு என்னைக் கேக்காதீங்க. பசங்களுக்கு பொறுமை கம்மி, ஒரு மாசத்துல தண்ணில இறக்கியே ஆகணும்னா தயங்காம பிளைவுட் எடுங்க.

பையன் பசைய அள்ளி விட்டதுல இடது பக்கம் மூணாவது ஸ்ட்ரிப்ல ஒரு இடைவெளி இருக்கு. மரத்தூள் குழைச்சு அடைச்சேன், வார்னிஷ் ஏறினப்புறமும் தனியா தெரியுது, அவன் எப்பவும் அந்தப் பக்கம் தான் உக்காருவான். மோல்ட் எல்லாம் கழட்டி கராஜ் மேல கட்டி வச்சிருக்கேன், ஆபீஸ்ல கேட்ட ரெண்டு பேர்ல யார் முதல்ல ஆரம்பிக்கறாங்களோ அவங்க எடுத்துக்கலாம்.