குதிகால் வலி: பி.ஆர்.பி. ஊசியா, ஷாக்வேவா?

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்துவது போன்ற வலி. மாதக்கணக்கில் இப்படி அவதிப்படுகிறவர்கள் அடிக்கடி கேள்விப்படும் பெயர்கள் பி.ஆர்.பி. ஊசியும் ஷாக்வேவும். அறுவை இல்லாமலே, நலிந்த திசு தானாகவே ஆறும்படி தூண்டும் என்றுதான் இரண்டையும் சொல்கிறார்கள். ஆனால் எங்கே வலிக்கிறது என்பதைப் பொறுத்து இவற்றின் மதிப்பு அடியோடு மாறுகிறது.

பி.ஆர்.பி.யில் நம் இரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, தட்டணுக்கள் (பிளேட்லெட்) செறிந்த பகுதியைப் பிரித்து வலிக்கும் இடத்தில் செலுத்துகிறார்கள். சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமை பயம் மிகக் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குதிகாலின் பின்பக்கமுள்ள அக்கிலிஸ் தசைநாணில் நாள்பட்ட வலி இருந்த 240 பேரிடம் பிரிட்டனில் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., மீதிப் பேருக்கு மருந்தில்லாத பாவனை ஊசி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முடிவு வெளியானது 2021இல். அதே ஆண்டு நெதர்லாந்தில், கணுக்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 100 பேரிடம் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டபோதும் இதே முடிவுதான். இந்த இரண்டு வலிகளுக்கும் பி.ஆர்.பி.க்குச் செலவழிக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

குதிகாலின் அடியில் வரும் உள்ளங்கால் சவ்வு வலியில் பி.ஆர்.பி.யின் நிலை கொஞ்சம் மேல். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள்தான் நிம்மதி தரும், சவ்வு கிழியும் அபாயமும் உண்டு. அதைவிட பி.ஆர்.பி.யின் பலன் நீடிப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன.

ஷாக்வேவில் ஊசியே கிடையாது. ஒரு கருவியை வலிக்கும் இடத்தில் வைத்து அழுத்த அலைகளைச் செலுத்துகிறார்கள். பெரும்பாலும் வாரம் ஒரு முறை, மூன்று முதல் ஐந்து வாரம். செய்யும்போது வலிக்கும், ஆனால் நடந்தே வீட்டுக்குப் போகலாம். பலன் தெரிய வாரங்கள் ஆகும். கர்ப்பிணிகளுக்கும் இரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும் இது பொதுவாக ஆகாது.

சரி, பயிற்சி? படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. 1998இல் சுவீடனில் நாள்பட்ட அக்கிலிஸ் வலியுள்ள 15 பேர் இதை 12 வாரம் தினமும் செய்து மீண்டும் ஓடத் தொடங்கினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்த வலிக்கு இன்றும் முதல் சிகிச்சை இப்படிப்பட்ட பயிற்சிதான். இதோடு ஷாக்வேவையும் சேர்த்தபோது பயிற்சியை மட்டும் செய்தவர்களைவிட நல்ல பலன் கிடைத்ததாக இன்னொரு ஆய்வு சொல்கிறது. ஆகவே என் தேர்வு பயிற்சி, அப்புறம் ஷாக்வேவ்.

ஸ்டெம் செல் ஊசியை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. பாத வலிக்கு அது உதவும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை.

பயிற்சியும் ஷாக்வேவும் பார்த்தபிறகும் உள்ளங்கால் வலி தீரவில்லை என்றால் பி.ஆர்.பி. பற்றி மருத்துவரிடம் பேசலாம். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசி போடுவாரா என்று கேளுங்கள். இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையைத் தடுக்கும் என்பதால், ஊசிக்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் அதைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.